அமைதிக்கு எத்தனை கிலோ?

(அறிவியல் மன்றக் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் எடுத்துக்கொண்டிருக்கும் பொருள் மேலோட்டமாகப் பார்த்தால் சிறியது. ஒருவர் தன் வீட்டுக் கொட்டகையில் பல ஆண்டுகள் உழைத்து, தன் கையாலேயே இரண்டு இருக்கை விமானம் ஒன்றைக் கட்டி முடிக்கிறார். பறக்கிறது. ஆனால் உள்ளே இரைச்சல் தாங்க முடியவில்லை. எதைக் கொண்டு அடைத்தால் இரைச்சல் குறையும், எடையும் ஏறாமல் இருக்கும் என்று கேட்கிறார்.

ஏதாவது ஒரு ஃபோமின் பெயரைச் சொல்லிவிட்டு நான் உட்கார்ந்துவிடலாம். அது அவருக்கு உதவாது. எந்தச் சத்தம், எந்த வழியாக உள்ளே வருகிறது என்பதுதான் முதல் கேள்வி. எந்தப் பொருள் என்பது கடைசிக் கேள்வி. இந்த வரிசையை மாற்றியவர்கள் பணத்தை இழக்கிறார்கள், விமானத்தின் சுமைத் திறனை இழக்கிறார்கள், சில நேரம் தங்களை அறியாமலே தீ ஆபத்தையும் உள்ளே ஏற்றிக்கொள்கிறார்கள். இன்று நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். ஏன் அப்படி என்பதை இனி ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கட்டியவரே பொறுப்பு

தானே கட்டிப் பறக்கும் மரபு அமெரிக்காவில் மிக வலுவானது. 1953இல் விஸ்கான்சின் மாநிலத்தின் மில்வாக்கி நகரில் பால் பாப்ரெஸ்னி தொடங்கிய எக்ஸ்பெரிமென்டல் ஏர்கிராஃப்ட் அசோசியேஷன் இந்த மரபின் தாய்வீடு. 1970 முதல் அதன் கோடை மாநாடு அதே மாநிலத்தின் ஆஷ்காஷ் நகரில் நடக்கிறது. 1973இல் ரிச்சர்ட் வான்க்ரன்ஸ்வென் ஓரிகன் மாநிலத்தில் தொடங்கிய வான்ஸ் ஏர்கிராஃப்ட் நிறுவனம், அலுமினியத் தகடுகளையும் வரைபடங்களையும் பெட்டி பெட்டியாக அனுப்பிவைக்கிறது. அவற்றை வாங்கி ரிவெட் அடித்துச் சேர்த்து, பறக்கவிடப்பட்ட ஆர்வி வகை விமானங்கள் பத்தாயிரத்தைத் தாண்டிவிட்டன.

அந்நாட்டுச் சட்டம் சொல்வது எளிது. கல்விக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ ஒருவர் விமானம் கட்டலாம்; வேலையில் பெரும்பகுதியை அமெச்சூர் கட்டுநர்களே செய்திருக்க வேண்டும். பேச்சு வழக்கில் இதை 51 சதவீத விதி என்பார்கள். இப்படிக் கட்டிய விமானம் தொழிற்சாலை விமானத்துக்குரிய சான்றிதழ் விதிகளுக்குக் கட்டுப்பட்டதல்ல. உள்சுவரில் எதை ஒட்டுவது என்று எந்த அதிகாரியும் கட்டளையிடுவதில்லை. சோதனை வகை விமானம் என்ற எச்சரிக்கையை மட்டும் உள்ளே ஏறுபவர் கண்ணில் படும்படி எழுதிவைக்க வேண்டும். ஆகவே தொழிற்சாலையில் ஒரு பொறியாளர் குழு எடுக்கும் முடிவை இங்கே ஒரு தனிமனிதர், இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு கொட்டகையில் நின்றுகொண்டு எடுக்கிறார். அவருக்குச் சரியான அறிவு போய்ச் சேர வேண்டும் என்பதில் எனக்கு அக்கறை உண்டு.

காதுக்கு இரண்டாம் வாய்ப்பு கிடையாது

ஒற்றை எஞ்சின் சிறு விமானங்களின் உள்ளே சத்தம் பெரும்பாலும் 90 முதல் 105 டெசிபெல் வரை இருக்கும். அமெரிக்கத் தொழில்சார் பாதுகாப்பு, உடல்நல ஆய்வு நிறுவனத்தின் பரிந்துரை இது: 85 டெசிபெல்லில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் வரை இருக்கலாம். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபெல்லுக்கும் நேரம் பாதியாகிவிடும். 88இல் 4 மணி, 91இல் 2 மணி, 94இல் ஒரு மணி. 100 டெசிபெல்லில் வெறும் 15 நிமிடம். இரண்டு மணி நேரம் பறந்து நண்பர் வீட்டுக்குப் போய்த் திரும்பும் விமானிக்குக் காது மூடாமல் இந்தக் கணக்கு ஒத்துவரவே வராது.

உட்செவியில் ஒலியை உணரும் நுண்மயிர் செல்கள் மனிதருக்கு மீண்டும் முளைப்பதில்லை. போனது போனதுதான். இது ஒரு பக்கம். மறுபக்கம் களைப்பு. இரைச்சலுக்குள் நீண்ட நேரம் இருந்தவரின் கவனம் மங்குகிறது. கட்டுப்பாட்டுக் கோபுரம் சொல்லும் எண்ணைத் தவறாகக் கேட்கிறார். பயணத்தின் முடிவில்தான் தரையிறக்கம் வருகிறது. மிகக் கூர்மையாக இருக்க வேண்டிய நேரத்தில் மிகவும் களைத்திருக்கிறார். எனவே கேபின் அமைதியை நான் சொகுசாக எண்ணவில்லை. அது பாதுகாப்பின் ஒரு பகுதி.

80 ஹெர்ட்ஸ் என்னும் எதிராளி

இனி அந்தச் சத்தத்தைப் பிரித்துப் பார்ப்போம். ஆர்வி-7 விமானத்தில் பலர் பூட்டுவது லைகமிங் ஓ-360. நான்கு சிலிண்டர், நான்கு வீச்சு எஞ்சின். நிமிடத்துக்கு 2,400 சுற்று என்றால் நொடிக்கு 40 சுற்று. நான்கு வீச்சு எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை வெடிக்கும். நான்கு சிலிண்டருக்கும் சேர்த்து ஒரு சுற்றுக்கு இரண்டு வெடிப்பு. ஆக நொடிக்கு 80. அதே தண்டில் நேரடியாகப் பூட்டிய இரண்டு இறக்கை புரொப்பெல்லர், ஒரு சுற்றுக்கு இரண்டு முறை காற்றை அறைகிறது. அதுவும் நொடிக்கு 80. எஞ்சினும் புரொப்பெல்லரும் ஒரே சுருதியில், 80 ஹெர்ட்ஸில், சேர்ந்து முழங்குகின்றன. அதன் மேல் 160, 240 என்று மடங்குகள் அடுக்காக ஏறுகின்றன. அதற்கும் மேலே காற்று உராயும் சீறல், இடுக்குகளின் விசில், தகடுகளின் அதிர்வு.

80 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் காற்றில் சுமார் 4.3 மீட்டர். நுரை போன்ற பொருள் ஒலியை நன்றாக உறிஞ்ச வேண்டுமானால், அதன் தடிமன் அலைநீளத்தில் கால்பங்கை நெருங்க வேண்டும். 80 ஹெர்ட்ஸுக்கு அது ஒரு மீட்டருக்கு மேல். விமானத்தின் தோலுக்கும் உள்சுவருக்கும் இடையில் கிடைப்பது ஓர் அங்குலம். அந்த ஓர் அங்குல ஃபோம் சில ஆயிரம் ஹெர்ட்ஸில் அருமையாக வேலை செய்யும், 80இல் ஏறக்குறைய இல்லாததற்குச் சமம். விலை உயர்ந்த ஃபோமை ஒட்டிவிட்டு, முழக்கம் அப்படியே இருக்கிறதே என்று பலர் வருந்துவதன் காரணம் இதுதான். பொருள் மோசமில்லை. அதனிடம் அதற்கு இயலாத வேலையைக் கேட்டிருக்கிறார்கள்.

உறிஞ்ச முடியாவிட்டால் தடுக்கலாமே என்று கேட்பீர்கள். தடுப்பதற்கு வேண்டியது கனம். ஒலியியலில் நிறை விதி என்று ஒன்று உண்டு: சுவரின் கனத்தை இரட்டித்தால் அது தடுக்கும் ஒலி சுமார் 6 டெசிபெல் கூடும். 0.8 மில்லிமீட்டர் அலுமினியத் தகடு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 2.2 கிலோ. கார் கதவுகளுக்குள் ஒட்டும் பியூட்டைல் ரப்பர் ஷீட்டும் சதுர மீட்டருக்குக் கிட்டத்தட்ட இதே எடைதான். தரை, பக்கச்சுவர், முன்சுவர் எல்லாம் சேர்த்து 5 சதுர மீட்டர் என்று வையுங்கள். எல்லாவற்றையும் போர்த்தினால் 11 கிலோ. கைக்கு வருவது, எல்லாம் சரியாக அமைந்தால், 6 டெசிபெல்.

அந்த 6கூட முழுதாக வராது. தலைக்கு மேலே அக்ரிலிக் குமிழ்க் கூரை இருக்கிறது. அதை யாரும் போர்த்த முடியாது. உள்ளே வரும் ஒலி ஆற்றலில் பாதி அந்தக் கூரை வழியாக வருகிறது என்று கொள்வோம். அப்படியானால் மற்ற எல்லாச் சுவர்களையும் ஒரு துளி ஒலியும் புகாதபடி செய்துவிட்டாலும், மொத்தத்தில் குறைவது 3 டெசிபெல் மட்டுமே. கணக்கு இரக்கமற்றது.

11 கிலோ என்பது எவ்வளவு?

தரையில் நிற்பவருக்கு 11 கிலோ பெரிதில்லை. ஆர்வி-7இன் கணக்கைப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். அதன் மொத்த எடை வரம்பு 1,800 பவுண்டு, அதாவது 816 கிலோ. வெற்று எடை சுமார் 500 கிலோ. முழு டாங்க், 42 அமெரிக்க காலன் பெட்ரோல், சுமார் 114 கிலோ. மிச்சம் 202 கிலோ. ஆளுக்கு 85 கிலோ வீதம் இருவர் அமர்ந்தால் 170 போய்விடும். பெட்டி, படுக்கை, கருவிப்பை, தண்ணீர் எல்லாவற்றுக்கும் மிஞ்சுவது 32 கிலோ. 11 கிலோ ஒலித்தடுப்பு அதில் மூன்றில் ஒரு பங்கைத் தின்றுவிடுகிறது. ஒரு பயணத்தில் மட்டுமன்று, அந்த விமானம் பறக்கும் காலம் முழுவதும் ஒவ்வொரு பயணத்திலும்.

எடை எங்கே உட்காருகிறது என்பதும் முக்கியம். இருக்கைக்குப் பின்னால், வால் பக்கமாக ஒட்டும் ஒவ்வொரு கிலோவும் ஈர்ப்பு மையத்தைப் பின்னுக்கு இழுக்கும். மையம் வரம்பைத் தாண்டிப் பின்னே போன விமானம் விமானியின் கைக்கு அடங்காது. அதனால் உள்சுவர் வேலை முடிந்ததும் விமானத்தை மறுபடி தராசில் ஏற்றி, எடைச் சமநிலைத் தாளைப் புதிதாக எழுத வேண்டும். இதில் தோராயத்துக்கு இடமே இல்லை.

வாயேஜர் காட்டிய வழி

கனத்தாலும் முடியாது, நுரையாலும் முடியாது என்றால் 80 ஹெர்ட்ஸை யார் அடக்குவது? இதற்கு விடை தந்ததில் ஒரு சோதனை விமானத்துக்கும் பங்கு உண்டு.

1986 டிசம்பர் 14 அன்று டிக் ரூட்டனும் ஜீனா யேகரும் கலிஃபோர்னியாவின் எட்வர்ட்ஸ் விமானப்படைத் தளத்திலிருந்து வாயேஜர் விமானத்தில் கிளம்பினார்கள். எங்கும் இறங்காமல், வானில் எரிபொருள் வாங்காமல் உலகைச் சுற்றி 23ஆம் தேதி அதே தளத்தில் இறங்கினார்கள். வடிவமைத்தவர் டிக்கின் தம்பி பர்ட் ரூட்டன். மொஹாவி பாலைவனத்தில், தன்னார்வலர்களின் உழைப்பில் உருவான விமானம் அது. கிளம்பும்போது எடை சுமார் 4,400 கிலோ. அதில் எரிபொருள் மட்டும் 3,180 கிலோ. கார்பன் இழைகளாலான வெற்று உடற்கூடு 426 கிலோதான். திரும்பி இறங்கியபோது டாங்கில் மிஞ்சியது ஏறக்குறைய 48 கிலோ எரிபொருள். சுவரைக் கனமாக்கி அமைதி வாங்க அந்த விமானத்தில் இடமே இல்லை. எஞ்சினின் முழக்கத்துக்குள் ஒன்பது நாள் இருக்க வேண்டும். காதும் பிழைக்க வேண்டும்.

அவர்கள் அணிந்திருந்தது போஸ் நிறுவனம் உருவாக்கிவந்த, அப்போது சந்தைக்கு வராத, இரைச்சல் நீக்கும் ஹெட்செட்டின் முன்மாதிரி. காதுக் கிண்ணத்துக்குள் ஒரு சிறு மைக் இருக்கும். அது உள்ளே புகுந்த சத்தத்தைக் கேட்டு, அதற்கு நேர் எதிரான அலையை ஒலிபெருக்கியில் எழுப்பும். மேடும் பள்ளமும் சந்தித்துச் சமமாகிவிடும். 1936இலேயே பால் லூயக் என்ற ஜெர்மானியர் இந்தக் கொள்கைக்கு அமெரிக்கக் காப்புரிமை பெற்றிருந்தார். மின்னணுவியல் அந்த எண்ணத்தை எட்டிப்பிடிக்க அரை நூற்றாண்டு ஆயிற்று. 1989இல் போஸ் அதை விமானிகளுக்கான ஹெட்செட்டாக விற்பனைக்குக் கொண்டுவந்தது.

இந்த முறை சில நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழேதான் மிகச் சிறப்பாக வேலை செய்கிறது. மேல் சுருதிகளில் அலை மிக வேகமாக மாறுவதால் எதிரலை பின்தங்கிவிடும். அங்கே கிண்ணத்தின் மூடியும் மெத்தையும்தான் காவல். அதாவது நுரைக்கும் தகட்டுக்கும் எட்டாத 80 ஹெர்ட்ஸை, சில நூறு கிராம் எடையுள்ள ஒரு கருவி காதின் வாசலிலேயே மடக்கிவிடுகிறது. எடை குறைந்த ஒலித்தடுப்பு வேண்டும் என்பவர் முதலில் பணம் போட வேண்டிய இடம் இது என்று நான் உறுதியாகச் சொல்கிறேன். விமானிக்கு மட்டும் வாங்கிவிட்டு, பக்கத்தில் அமரும் மனைவிக்கோ பிள்ளைக்கோ பழைய ஹெட்செட்டைக் கொடுப்பவர்களும் உண்டு. இரண்டு வாங்குங்கள். பேட்டரி தீர்ந்தால் என்ன செய்வது என்பதற்காகப் பையில் நுரை அடைப்பான்களும் இருக்கட்டும்.

அப்படியானால் உள்சுவருக்கு எதுவுமே வேண்டாமா? வேண்டும். கண்ணாடி அணிந்தவரின் காது மேல் கிண்ணம் முழுதாகப் பொருந்தாது. கண்ணாடிக் காம்பு உண்டாக்கும் இடைவெளியில் சீறல் புகுந்துவிடும். வாய் அருகிலுள்ள மைக்கும் அறைச் சத்தத்தை அள்ளிக்கொள்ளும். பேச்சில் மெய்யொலிகளைப் பிரித்தறிய உதவுவது 1,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதி. மெல்லிய, எடை குறைந்த நுரை வேலை செய்யும் பகுதியும் அதுவே. கீழ்ச் சுருதியை ஹெட்செட்டிடம் விட்டுவிடுங்கள். மேல் சுருதிக்கு மட்டும் பொருளைத் தேடுங்கள். இப்படி வேலையைப் பிரித்துக்கொண்டால் உள்சுவர் எடை 11 கிலோவிலிருந்து ஒன்றிரண்டு கிலோவுக்கு இறங்கிவிடும்.

எடை இல்லாத வைத்தியங்கள்

பொருளைத் தொடும் முன் செய்ய வேண்டிய சில காரியங்கள் உண்டு. இவற்றில் பலவற்றுக்கு எடையே இல்லை.

முதலில் அளவெடுங்கள். ஒலிமானியில் ஏ, சி என்று இரண்டு அளவுமுறைகள் இருக்கும். ஏ அளவுமுறை கீழ்ச் சுருதிகளைக் குறைத்துக் காட்டும். 80 ஹெர்ட்ஸில் அந்தக் குறைப்பு 22 டெசிபெல்லுக்கு மேல். சி அளவுமுறை அப்படிக் குறைப்பதில்லை. இரண்டிலும் அளந்து, வித்தியாசம் பெரிதாக இருந்தால் உங்கள் சிக்கல் முழக்கம். வித்தியாசம் சிறிதாக இருந்தால் சீறலும் கசிவும். ஒரே உயரம், ஒரே சுற்று, ஒரே வேகம் என்று வைத்துக்கொண்டு ஒவ்வொரு மாற்றத்துக்கும் முன்னும் பின்னும் அளந்தால்தான் எது பலித்தது என்று தெரியும்.

அடுத்து மூலத்தைப் பாருங்கள். புரொப்பெல்லரை எஞ்சினோடு சேர்த்து ஓடும் நிலையிலேயே சமன்படுத்தினால் உடற்கூட்டுக்குள் இறங்கும் அதிர்வு குறையும். எஞ்சின் தாங்கி ரப்பர்கள் ஆண்டுக்கணக்கில் அமுங்கித் தொங்கியிருந்தால் மாற்றுங்கள். புகைக்குழாயின் வாய் தரைத் தகட்டை நோக்கி அறைந்துகொண்டிருந்தால் அதன் கோணத்தைத் திருத்துங்கள். இறக்கைக் கோணம் மாற்றக்கூடிய புரொப்பெல்லர் இருந்தால் பயணத்தின்போது சுற்றைக் குறைத்துப் பறக்கலாம். 72 அங்குலப் புரொப்பெல்லரின் முனை 2,700 சுற்றில் நொடிக்கு ஏறக்குறைய 259 மீட்டர் வேகத்தில் செல்கிறது. 2,300 சுற்றில் அது 220 மீட்டராகிறது. முனை வேகம் ஒலி வேகத்தை நெருங்க நெருங்கப் புரொப்பெல்லரின் ஓசை செங்குத்தாக ஏறும் என்பதால், இந்த இறக்கம் காதுக்குப் பெரிய நிவாரணம்.

மூன்றாவது கசிவு. ஒரு சுவரின் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தால், மீதிச் சுவர் எவ்வளவு உயர்ந்த பொருளாக இருந்தாலும், மொத்தத் தடுப்பு 20 டெசிபெல்லைத் தாண்டாது. கூரை விளிம்பு, கதவு ஓரம், கட்டுப்பாட்டுக் கம்பிகளும் வயர்களும் நுழையும் துளைகள், காற்றுத் திறப்பு என்று கைவிளக்கோடு தேடுங்கள். இருட்டில் ஒருவர் உள்ளே விளக்கோடு உட்கார, மற்றவர் வெளியே சுற்றி வந்தால் ஒளி கசியும் இடமெல்லாம் ஒலி கசியும் இடம் என்று தெரிந்துவிடும். சில கிராம் ரப்பர் பட்டையும் கேஸ்கெட்டும் போதும். எஞ்சின் பக்கத் துளைகளை அடைப்பதில் இன்னொரு நன்மையும் இருக்கிறது: மணமற்ற, நிறமற்ற கார்பன் மோனாக்சைடு உள்ளே வரும் வழியும் அதே துளைகள்தான். அங்கே சாதாரண ரப்பர் வளையம் ஆகாது. எஃகு மூடியும் தீ தாங்கும் பசையும் வேண்டும்.

நான்காவது தகடுகளின் நடுக்கம். தட்டையான பெரிய தகட்டை விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். டங் என்று நீளமாக ஒலித்தால் அது பறக்கும்போதும் ஒலிக்கும். கோயில் மணியைக் கையால் தொட்டுக்கொண்டே அடித்தால் நாதம் எழாமல் அடங்கிவிடுகிறதே, அதே தத்துவம்தான் இங்கும். பிசுபிசுப்பான ரப்பர் படலத்தின் மேல் மெல்லிய அலுமினியத் தகடு ஒட்டிய துண்டுகள் கிடைக்கின்றன. தகடு நடுங்கும்போது இடையிலுள்ள ரப்பர் இழுபட்டு அந்த ஆற்றலை வெப்பமாக்கிவிடும். இதற்கு முழுத் தகட்டையும் போர்த்த வேண்டியதில்லை. நடுப்பகுதியில் பரப்பின் கால்பங்கு அளவுக்கு ஒட்டினாலே பெரும் பயன் கிடைத்துவிடும். தட்டி, ஒட்டி, மறுபடி தட்டிப் பார்த்து, ஓசை டப் என்று மாறியதும் நிறுத்திவிடுங்கள். முழுதும் போர்த்துவதில் எடைதான் மிச்சம்.

இனி பொருள்

இப்போதுதான் பொருளுக்கு வருகிறோம். மேல் சுருதியை உறிஞ்ச வேண்டும், லேசாக இருக்க வேண்டும், எரியக் கூடாது. இந்த மூன்றும் ஒன்றுசேரும் பொருள்கள் சிலவே.

ஒன்று மெலமைன் ஃபோம். கன மீட்டருக்கு சுமார் 9 கிலோதான். 25 மில்லிமீட்டர் தடிமனில் சதுர மீட்டருக்கு 225 கிராம். 5 சதுர மீட்டருக்கும் ஒரு கிலோ சொச்சம். வெப்பத்தில் உருகிச் சொட்டாமல் கரியாகும் இயல்புடையது. எளிதில் உதிரும், நீரை உறிஞ்சும் என்பவை இதன் குறைகள். இன்னொன்று பாலிஇமைட் ஃபோம். அது இன்னும் லேசானது, கன மீட்டருக்கு ஏறக்குறைய 7 கிலோ. போர்க்கப்பல்களிலும் விண்கலங்களிலும் பயன்படும் பொருள், தீயை எதிர்ப்பதில் மிகச் சிறந்தது, விலை கூடுதல். கடையில் மலிவாகக் கிடைக்கும் மெத்தை நுரை, பொட்டலம் கட்டும் நுரை, முட்டைத்தட்டு வடிவ நுரை இவையெல்லாம் பெரும்பாலும் தீத்தடுப்பு செய்யப்படாத பாலியூரித்தேன். அது சடசடவென்று எரியும். அதன் புகையில் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜன் சயனைடும் இருக்கும். மூடிய சிறு அறையில் அந்தப் புகையை இரண்டு மூன்று முறை இழுத்தவர் விமானத்தை இறக்கக்கூடிய நிலையில் இருக்கமாட்டார். அது உங்கள் விமானத்துக்குள் வேண்டவே வேண்டாம்.

மூடிய அறைகள் கொண்ட நுரை, அதாவது யோகா விரிப்பு போன்றது, நீரை உறிஞ்சாது. ஆனால் காற்று உள்ளே போய்வர முடியாததால் ஒலியையும் அதிகம் உறிஞ்சாது. குளிருக்குக் காப்பாகலாம், ஒலிக்கு அதை நம்ப வேண்டாம்.

தீயின் பாடம்

1998 செப்டம்பர் 2 இரவு, நியூயார்க்கிலிருந்து ஜெனீவாவுக்குப் புறப்பட்ட ஸ்விஸ்ஏர் 111 விமானம் கனடாவின் நோவா ஸ்கோஷியா கடற்கரையருகே கடலில் விழுந்தது. 229 பேர் இறந்தார்கள். விமானிகள் விநோதமான வாசனையை உணர்ந்ததிலிருந்து விழுந்ததுவரை சுமார் 21 நிமிடங்கள். கனடிய விசாரணையில் வெளிவந்தது இது: விமானி அறைக் கூரைக்கு மேலே மின்வயரில் எழுந்த பொறி, வெப்பத்தையும் ஒலியையும் தடுக்கப் போர்த்தியிருந்த மெத்தைகளின் உலோகப் பூச்சுள்ள பிளாஸ்டிக் உறையில் பற்றிப் பரவியது. அந்த உறை அன்றைய சுடர்ச் சோதனையில் தேறிய பொருள்தான். அதன் பின் அமெரிக்க விமானத் துறை அத்தகைய உறைகளை விமானங்களிலிருந்து அகற்றச் சொன்னது. 2003இல் காப்பு மெத்தைகளுக்கென்றே கடுமையான புதிய தீப்பரவல் சோதனையை விதியாக்கியது.

ஒலித்தடுப்புப் பொருள் எரிபொருளாகவும் மாறும் என்பதை 229 உயிர்களைக் கொடுத்து உலகம் கற்றது. வீட்டில் விமானம் கட்டுபவரை அந்த விதிகள் கட்டுப்படுத்தா. நெருப்பு அந்த விலக்கைப் பார்ப்பதில்லை. எனவே நீங்களே சோதித்துவிடுங்கள். திறந்தவெளியில், புகை முகத்தில் படாமல், பக்கத்தில் தண்ணீர் வைத்துக்கொண்டு, ஒரு துண்டைச் செங்குத்தாகத் தொங்கவிட்டு அடியில் 12 நொடி சுடர் காட்டுங்கள். சுடரை எடுத்தபின் 15 நொடிக்குள் தானே அணைய வேண்டும். எரிந்த நீளம் 8 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. சொட்டும் துளிகள் 5 நொடிக்கு மேல் எரியக் கூடாது. பயணி விமான உட்பொருள்களுக்குரிய பழைய அளவுகோல் இது. ஃபோமை மட்டும் எரித்துப் பார்ப்பது போதாது. நீங்கள் பயன்படுத்தப்போகும் பசை, மேல்துணி, உறை எல்லாவற்றையும் ஒட்டிய முழு அடுக்கையே எரித்துப் பாருங்கள். தனித்தனியே தேறியவை ஒன்றுசேரும்போது தோற்பதுண்டு. இதில் தேறுவது குறைந்தபட்சத் தகுதி மட்டுமே. ஸ்விஸ்ஏர் மெத்தையின் உறையும் அன்றைய சோதனையில் தேறியதுதானே.

எஞ்சினுக்கும் காலுக்கும் நடுவில் நிற்கும் தீத்தடுப்புச் சுவரைப் பற்றித் தனியே ஒரு சொல். அரை மில்லிமீட்டருக்கும் குறைவான துருப்பிடிக்காத எஃகு அது. சுமார் 1,100 டிகிரி செல்சியஸ் சுடரை 15 நிமிடம் ஊடுருவவிடாமல் தாங்குவதே அதன் கடமை. சுடர்தான் உள்ளே வராது, வெப்பம் வரும். எஞ்சின் பக்கம் தீ மூண்டால் அந்தத் தகட்டின் கேபின் பக்கமும் செந்தணலாகிவிடும். அங்கே ஃபோமும் பசையும் ஒட்டியிருந்தால் தீ உள்ளே வராமலே புகை உள்ளே பிறந்துவிடும். ஆகவே அந்தச் சுவரின் உட்பக்கத்தில் கரிமப் பொருள் எதையும் ஒட்டாதீர்கள். காப்பு வேண்டுமானால் எஞ்சின் பக்கத்தில், பீங்கான் இழைப் போர்வையை மெல்லிய எஃகுத் தகட்டால் மூடிப் பொருத்துங்கள். இரைச்சல் அதிகம் நுழையும் இடம் அந்தச் சுவர் என்பது உண்மைதான். ஆனாலும் அங்கே தீயின் கட்டளைக்கே முதலிடம்.

நீரும் ஆய்வும்

குளிர்ந்த தகட்டில் மூச்சின் ஈரம் படிந்து நீராகும். திறந்த அறை நுரை அதைக் குடித்து வைத்துக்கொண்டு, அலுமினியத்தை மாதக்கணக்கில் நனைத்தே வைக்கும். அரிப்பு தொடங்கினாலும் நுரை அதை மறைத்துவிடும். நுரையைத் தீப்பரவாத மெல்லிய உறைக்குள் பொதிந்து, அடியில் நீர் வடியும் துளைகளை மூடாமல் விட்டு, தகட்டோடு பசை போட்டு ஒட்டாமல் கழற்றி மாட்டும் பலகைகளாகச் செய்யுங்கள். வீட்டில் கட்டிய விமானங்களுக்கு அமெரிக்க விதிப்படி 12 மாதத்துக்கு ஒருமுறை நிலை ஆய்வு கட்டாயம். ரிவெட் வரிசை, வயர், எரிபொருள் குழாய் எல்லாவற்றையும் கண்ணால் பார்க்க முடிய வேண்டும். பலகை கழன்றாலும் கட்டுப்பாட்டுத் தண்டுகளில் சிக்காத தொலைவில் இருக்க வேண்டும். கழன்று விழுந்த ஒரு நுரைத்துண்டு கட்டுப்பாட்டை முடக்குமானால், அது தரும் அமைதியால் யாருக்கும் பயனில்லை.

முடிவாக

நண்பர்களே, வரிசையைத் தொகுத்துச் சொல்கிறேன். அளவெடுங்கள். மூலத்தைச் சரிசெய்யுங்கள். கசிவை அடையுங்கள். நடுங்கும் தகடுகளை மட்டும் தேர்ந்து அடக்குங்கள். முழக்கத்தை இரைச்சல் நீக்கும் ஹெட்செட்டிடம் ஒப்படையுங்கள். எஞ்சிய சீறலுக்கு, தீயில் தேறிய லேசான நுரையைக் கழற்றக்கூடிய பலகைகளாகப் பொருத்துங்கள். பிறகு விமானத்தை நிறுத்துப் பாருங்கள். இந்த வரிசையில் போனவருக்கு மூன்று கிலோவுக்குள் வேலை முடிந்துவிடும் வாய்ப்பு அதிகம். நேரே பொருளைத் தேடிப் போனவர் பத்துக் கிலோவை ஏற்றிய பின்னும் அதே முழக்கத்தைத்தான் கேட்பார்.

இங்கே அமர்ந்திருக்கும் மாணவர்களுக்கு ஒன்று சொல்ல விரும்புகிறேன். ஒலியியல் பாடத்தில் நிறை விதி, அலைநீளம், டெசிபெல் என்று நீங்கள் தேர்வுக்குப் படிப்பவை ஒரு மனிதரின் காதையும், அவர் பக்கத்தில் அமரும் குழந்தையின் உயிரையும் காக்கும் அறிவு. ஒரு பொருளை வாங்கும் முன், அது செய்யவேண்டிய வேலையை எண்ணில் எழுதிப் பாருங்கள். அந்த எண்ணைக் காட்டிக் கேளுங்கள். விற்பவரிடம் விடை இல்லாவிட்டால் வாங்காதீர்கள்.